செஃப் தொப்பி அவ்வளவு உயரமாக இருக்க வேண்டுமா?

கரண்டிக்கை:
எங்கள் ஓட்டலில் அடுத்த மாதம் சமையலறைச் சீருடையை மாற்றப் போகிறார்கள். கமி என்கிற இளநிலைச் சமையல்காரரிலிருந்து ஹெட் செஃபுக்கு அடுத்த இடத்தில் உள்ள சூ செஃப் வரை எல்லாரிடமும் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். நான் ஒன்றுதான் எழுதிக் கொடுத்தேன்: அந்த உயரமான வெள்ளைத் தொப்பி, டோக், வேண்டாம். ஆறு வருடமாக லைனில், அதாவது அடுப்பு வரிசையில், நிற்கிறேன். நிமிர்ந்தால் அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் எக்ஸாஸ்ட் ஹூடில் இடிக்கிறது, ஓவன் முன்னால் குனிந்தால் விழுகிறது. காகிதத்தில் செய்ததாக இருந்தால் மதியத்துக்குள் வியர்வையில் ஊறிக் கிழிகிறது. முடி விழாமல் இருக்க தலையை ஒட்டி இருக்கும் குட்டைத் தொப்பி, ஸ்கல் கேப், போதும். யார் பெரியவர் என்று காட்டத்தான் அந்த உயரம் வந்தது, சுத்தத்துக்காக இல்லை என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பழைய அடுப்படி:
எனக்கு மறுப்பு உண்டு தம்பி. 31 வருடம் ஓட்டல் சமையலறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காகிதத் தொப்பியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அது யாருக்கும் நல்லதில்லை. நான் சேர்ந்தபோது துணித் தொப்பிதான். கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும். அதைத் தலையில் வைத்ததும் முதுகு தானாக நிமிரும்.

அந்த உயரத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். மரி அந்துவான் கரேம், பிறந்தது 1784-இல். பாரிஸில் ஏழைக் குடும்பம், சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் பிழைக்க அனுப்பப்பட்ட பிள்ளை. எடுபிடியாக ஆரம்பித்து, பிரெஞ்சு அரசியல்வாதி தாலேராண்ட் போன்ற பெரிய மனிதர்களுக்குச் சமைக்கும் அளவுக்கு வந்தார். அவர் காலத்தில் சமையல்காரர்கள் தலையில் இருந்தது, தூங்கும்போது போடுகிற மாதிரி தொங்கும் பருத்திக் குல்லா. அது ஆளை நோயாளி போலக் காட்டுகிறது என்பது அவர் குறை. உள்ளே வட்டமாக அட்டை வைத்துத் தொப்பியை நிமிர்த்தினார் என்று சொல்வார்கள். 1822-இல் வந்த அவர் புத்தகத்தில் பழைய குல்லாவும் புதிய தொப்பியும் அணிந்த இரண்டு சமையல்காரர்களின் படம் இருக்கிறது. கரிப்புகையில் நின்று வேலை செய்த ஒருவர் தன் தொழிலுக்கு மரியாதை தேடிய கதை அது. அதைப் பெருமையடிப்பு என்று தள்ளிவிட என்னால் முடியாது.

கரண்டிக்கை:
அண்ணே, மரியாதை விஷயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். கரேம் 1833-இல் இறந்துவிட்டார். கிருமிகளைப் பற்றி விஞ்ஞானி லூயி பாஸ்டர் சோதனை செய்து காட்டியது 1860-களில். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே தொப்பி நிமிர்ந்துவிட்டது. அப்படியானால் நிமிர்த்தியது தோற்றத்துக்காகத்தானே? முடியைக் கட்டி வைக்கிற வேலையை நீங்கள் சொன்ன அந்தப் பழைய பருத்திக் குல்லாவே செய்துகொண்டிருந்தது.

இன்றைய சட்டமும் அப்படித்தான். நம் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் 2011-இல், நான்காம் அட்டவணை, உணவைக் கையாளுகிறவர் தலையை மூட வேண்டும் என்கிறது. உயரத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

சமையல்பிரியன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். டோக்கில் 100 மடிப்பு இருக்கும், முட்டையை 100 விதமாகச் சமைக்கத் தெரிந்தவர் என்பதற்கு அடையாளம் என்று படித்திருக்கிறேன். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி சாப்பாட்டில் முடியைப் பார்த்துச் சமையல்காரரின் தலையை வெட்டியதால்தான் தொப்பியே வந்ததாகவும் சொல்கிறார்களே?

வெண்ணெய் அடுக்கு:
சகோ, இரண்டுமே வாய்வழிக் கதைகள். மடிப்புத் துணிக்கு விறைப்புக் கொடுக்கும், தலை அளவுக்கு ஏற்றபடி சுருக்கி இறுக்கவும் உதவும். எண்ணிக்கை தொப்பிக்குத் தொப்பி மாறும். ஹென்றி காலத்தில் நிஜமாக நடந்தது இன்னும் கொடுமையானது. 1531-இல் ரிச்சர்ட் ரூஸ் என்ற சமையல்காரரைக் கொதிக்கும் நீரில் போட்டுக் கொன்றார்கள். ஆனால் அது ஒரு பிஷப் வீட்டுக் கஞ்சியில் விஷம் கலந்ததாக வந்த வழக்கு. அதற்கும் முடிக்கும் சம்பந்தம் இல்லை.

நான் பேஸ்ட்ரியில் இருக்கிறேன். நீங்கள் இருவரும் தொப்பியிலேயே நிற்கிறீர்கள். எனக்குக் கோட்டுதான் முக்கியம். மார்பில் இரண்டு அடுக்காக மூடுகிற அந்தக் கோட்டு காரணமில்லாமல் வரவில்லை. சூடான பாகோ எண்ணெயோ தெறித்தால் தோலுக்கு முன்னால் இரண்டு துணி இருக்கிறது. கோட்டில் முழுக்கை வைத்திருப்பது சூடான ஓவன் கதவு தோலில் படாமல் இருக்க. துணியை முடிச்சுப் போட்டுச் செய்த பொத்தான் கொதிநீர்ச் சலவையில் உடையாது, ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். துணி பருத்தியாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் பருத்தி உருகி ஒட்டாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் செலவைக் குறைக்கப் பாலியஸ்டர் கலந்த கோட்டு கொடுத்தார்கள். ஒரு நாள் கேரமல் கையில் கொட்டியது. துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தொப்பி உயரமா குட்டையா என்பதால் யாருக்கும் தோல் உரியப் போவதில்லை. நிர்வாகத்திடம் ஒன்றை மட்டும் கேட்க முடியும் என்றால், முழுப் பருத்தியைக் கேளுங்கள்.

பழைய அடுப்படி:
தழும்பைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது அம்மா. நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. வெள்ளையாக இருப்பதற்கும் இதே மாதிரி காரணம் உண்டு. அழுக்குப் பட்டால் உடனே தெரியும், கொதிக்க வைத்து வெளுக்கலாம்.

கரண்டிக்கை:
இங்கேதான் எனக்கு இடிக்கிறது. வெள்ளை அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் என்கிறீர்கள். அதே கோட்டின் முன்பக்கத்தைக் கறைபட்டதும் மாற்றி மூடி, சுத்தமான பக்கத்தைக் காட்டலாம் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். கால்சட்டையில் கருப்பு வெள்ளைக் கட்டம் போட்டதும் கறை தெரியாமல் இருக்கத்தான். மேலே காட்ட வேண்டும், கீழே மறைக்க வேண்டும் என்றால் சுத்தம் எங்கே இருக்கிறது? விருந்தினர் கண்ணுக்குப் படுகிற இடம்தானே கணக்கு?

பழைய அடுப்படி:
நல்ல கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மாற்றி மூடுவது திடீரென்று டைனிங் ஹாலுக்குக் கூப்பிட்டால் போய் நிற்பதற்கு. திரும்பி வந்ததும் கோட்டை மாற்ற வேண்டும், என் சமையலறையில் அதுதான் சட்டம். எல்லா இடத்திலும் அப்படி நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் விருந்தினர் கண் என்பதை லேசாக எடுக்காதீர்கள். பிரெஞ்சு செஃப் பால் பொக்கூஸ் கடைசிவரை அந்த உயரத் தொப்பியோடுதான் நின்றார். 1961-இல் பிரான்ஸின் தலைசிறந்த கைவினைஞர் பட்டம் வாங்கியவர். அந்தப் பட்டம் பெற்றவர்கள்தான் கோட்டுக் காலரில் நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டை வைக்கலாம். அதைப் பார்க்கிற சின்னப் பையனுக்கு, கை சுத்தமாக வேலை கற்றுக்கொண்டால் நாமும் அங்கே போகலாம் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது.

கரண்டிக்கை:
உங்களுக்குத் தோன்றியதை மதிக்கிறேன் அண்ணே. எனக்கு வேறு மாதிரி நடந்தது. பிரெஞ்சு செஃப் எஸ்கோஃபியே 1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் ராணுவத்துக்குச் சமைத்தவர். பிறகு லண்டன் சவாய் ஓட்டலில் சமையலறையைப் படைப்பிரிவு மாதிரி பிரித்து, சத்தமும் குழப்பமும் இல்லாத இடமாக மாற்றினார். அந்த ஒழுங்கு இன்றும் நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் நான் சேர்ந்த முதல் சமையலறையில் அந்த ஒழுங்கில் பாதிதான் இருந்தது. உயரமான தொப்பி போட்டவர் திட்டலாம், குட்டைத் தொப்பி பதில் பேசக் கூடாது. பாத்திரம் கழுவும் பெரியவருக்குத் தலைக்கு எதுவுமே கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முடி மட்டும் தட்டில் விழாதா? எல்லாருக்கும் ஒரே தொப்பி என்று நான் கேட்பது அவரை நினைத்துத்தான்.

வெண்ணெய் அடுக்கு:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம். ஸ்கல் கேப்புக்கு என் ஓட்டு. ஆனால் மேல்பக்கம் காற்றுப் போகிற வலைத் துணி வைத்ததைக் கேளுங்கள், முழுதும் மூடியதைப் போட்டால் தலை வெந்துவிடும். ஆளுக்குக் குறைந்தது மூன்று தொப்பி வேண்டும், ஒன்று சலவையில் இருக்கும்.

பழைய அடுப்படி:
பாத்திரம் கழுவுகிறவருக்குத் தொப்பி கொடுக்காத சமையலறையில் டோக்கை வைத்துக்கொண்டு என்ன பெருமை? லைனில் எல்லாருக்கும் ஒரே தொப்பி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஃபேயில் இறைச்சி வெட்டித் தருகிற கவுண்டரில் நிற்பவருக்கு மட்டும் டோக்கை விட்டுவைக்கச் சொல்லுங்கள். அங்கே ஹூடு கிடையாது, இடிக்காது. துணியில் கேளுங்கள், காகிதம் வேண்டாம்.

கரண்டிக்கை:
அது ஹெட் செஃபுக்கு மட்டும் என்று இல்லாமல், அன்றைக்கு அந்தக் கவுண்டரில் நிற்கிற கமிக்கும் உண்டு என்றால் எழுதிக் கொடுக்கிறேன் அண்ணே.

பழைய அடுப்படி:
கமிக்குத்தான் முதலில். கஞ்சி போடும் பக்குவத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன்.