வெல்லத்தைக் குறைத்தால் அதிரசம் உடைகிறதே, என்ன செய்ய?

குட்டீஸ்அம்மா:
வணக்கம். எனக்கு ஏழு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன். போன தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பெட்டிகளை இரண்டே நாளில் காலி செய்துவிட்டு மூன்றாம் நாள் பையன் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினான். அதனால் இந்த வருடம் எல்லாம் வீட்டிலேயே, சத்தாக, இனிப்பு கம்மியாகச் செய்யப் போகிறேன் என்று அத்தையிடம் வாய்ச்சவடால் விட்டுவிட்டேன். ஒத்திகையாக நேற்று அதிரசம் போட்டேன். அரைக் கிலோ பச்சரிசிக்கு எப்போதும் போடும் வெல்லத்தில் பாதிதான் போட்டேன், மாவை இரண்டு நாள் வைத்திருந்துதான் தட்டினேன். எண்ணெயில் விட்டதும் ஓரம் பிரிந்து நடுவில் பிளந்து, கடைசியில் அரிகரண்டியில் வந்தது பொரித்த தூள். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தூளை ஒரு கிண்ணத்தில் போட்டு, ஸ்பூனும் வைத்து என் கையில் கொடுத்தார்.

கேழ்வரகு முறுக்கும் செய்து பார்த்தேன், அது கல். சர்க்கரை, வெல்லம் இரண்டுக்கும் பதிலாகக் கருப்பட்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா? இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

பலகாரக்கை:
கிண்ணம், ஸ்பூன் வரைக்கும் வந்துவிட்டதா, சிரித்துவிட்டேன் மன்னிச்சுக்கோம்மா. இருபது வருடமாக ஆர்டருக்குப் பலகாரம் செய்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதிரசத்தில் வெல்லம் வெறும் இனிப்புக்கு இல்லை, மாவைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் பாகுதான். கடலை உருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, எள்ளுருண்டை எல்லாம் அதே ஜாதி. அதில் கை வைத்தால் உதிரத்தான் செய்யும். இந்த மாதிரிப் பலகாரத்தில் குறைக்க வேண்டியது அளவை. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுவதை ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தட்டு, எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து நன்றாக அழுத்து, எண்ணெய் எப்படி ஒழுகுகிறது என்று நீயே பார்ப்பாய்.

ஆனால் நெய் பிடித்து நிறுத்தும் பலகாரம் வேறு. பாசிப்பருப்பு மாவுருண்டை, பொட்டுக்கடலை உருண்டை, ரவா லாடு, இதிலெல்லாம் சர்க்கரையைப் பாதியாக்கினாலும் உருண்டை உருண்டையாகவே நிற்கும். 200 கிராம் பாசிப்பருப்பை அடி கனமான வாணலியில் சின்னத் தீயில் வறு. அவசரப்பட்டால் வெளியே சிவந்து உள்ளே பச்சை வாடை நிற்கும், அது அப்புறம் என்ன செய்தாலும் போகாது. ஒரு பருப்பைக் கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். ஆறவிட்டு அரைத்துச் சலித்து, 100 கிராம் சர்க்கரையைப் பொடித்துச் சேர்த்து, இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டு, சுமார் 90 கிராம் நெய்யை நன்றாகச் சூடுபண்ணிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டில் பிடி. ஆறினால் பிடிபடாது. நெல்லிக்காய் அளவில் முப்பது வரும். வழக்கமாகப் பருப்புக்குச் சமமாகச் சர்க்கரை போடுவார்கள், இது பாதிதான்.

சும்மாஎட்டிப்பார்த்தேன்:
வருடத்தில் இரண்டு நாள், அதிலும் கணக்கா? நாங்கள் எல்லாம் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து லேகியம் ஒரு உருண்டை, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் முறுக்கும் மைசூர்பாகும்தான். நன்றாகத்தானே இருக்கிறோம். பிள்ளைகளை விடுங்கள்.

ஊட்டம்பார்ப்பவள்:
இரண்டு நாளென்றால் நானும் விட்டுவிடுவேன். எங்கள் தெருவில் தீபாவளிப் பலகாரம் கார்த்திகை வரைக்கும் டப்பாவில் இருக்கிறது.

கருப்பட்டி விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரையோ வெல்லமோ கருப்பட்டியோ, கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். வெல்லத்தில் கொஞ்சம் இரும்பும் தாது உப்பும் இருப்பது உண்மை, ஆனால் குழந்தை தின்கிற ஒரு உருண்டையில் அது எவ்வளவு இருந்துவிடும்? வாசனைக்காகக் கருப்பட்டி போடுங்கள், நானும் அதற்காகத்தான் போடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்குப்படி, சேர்க்கிற இனிப்பு ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அதில் தேனும் அடக்கம். உங்கள் பையன் வயதுக்குச் சுமார் 1,300 கலோரி என்று வைத்தால் 10 சதவீதம் என்பது 32 கிராம்தான். மேலே அக்கா சொன்ன உருண்டையில் ஒன்றுக்கு மூன்றரை கிராம்கூட வரவில்லை, இரண்டு தின்றாலும் கவலை இல்லை. அதே நாளில் பாட்டில் ஜூஸும் குடித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

இன்னொன்று, இதை மட்டும் மறக்காதீர்கள். நாலு வயதுப் பையனுக்கு முழு முந்திரி, முழு நிலக்கடலை வேண்டாம், ஓடிக்கொண்டே தின்னும் வயது, தொண்டையில் சிக்கும். பொடித்துப் போடுங்கள். விருந்தாளி வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் தேன் சேர்த்த எதையும் நாக்கில்கூடத் தடவ வேண்டாம்.

கொங்குக்காரி:
கேழ்வரகு முறுக்குக்கு நான் வருகிறேன். வெறும் கேழ்வரகு மாவில் பிழிந்திருப்பீர்கள், அதுதான் கல். இரண்டு பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு அரிசி மாவு, அரைப் பங்கு பொட்டுக்கடலை மாவு போட்டு, வெண்ணெயை உருக்கிச் சூடாக ஊற்றிப் பிசையுங்கள். பொட்டுக்கடலைதான் பொரபொரவென்று விட்டுக்கொடுக்கும். மாவே கறுப்பு என்பதால் வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, காதைத்தான் நம்ப வேண்டும். எண்ணெயில் சலசலப்பு அடங்கினால் எடுத்துவிடலாம். எண்ணெய் காயாமல் பிழிந்தால் அவ்வளவையும் குடிக்கும், ஒரு துளி மாவு போட்டால் அடியில் படுக்காமல் மேலே வர வேண்டும். மிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். ஏர் ஃப்ரையரிலும் செய்து பார்த்தேன், வந்தது முறுக்கு வடிவத்தில் ரஸ்க். என் வீட்டுக்காரர் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார், அவர் எதையும் அப்படித்தான் சொல்வார்.

குட்டீஸ்அம்மா:
எல்லோருக்கும் நன்றி. இன்று மாவுருண்டை செய்தேன். முதல் ஈடு உதிர்ந்தது, நெய் ஆறிவிட்டிருந்தது. இன்னும் இரண்டு ஸ்பூன் நெய்யைச் சூடுபண்ணி ஊற்றிப் பிடித்ததும் நின்றது. பெண்ணை உருட்டவிட்டேன், ஒன்று கோலி, ஒன்று எலுமிச்சை, ஆனால் தான் உருட்டியது என்பதால் தம்பிக்குக்கூடத் தர மாட்டேன் என்கிறாள். அத்தை ஒன்றை வாயில் போட்டுவிட்டு, இனிப்பு கொஞ்சம் மட்டு என்றார். அடுத்ததை எடுத்தார்.

அதிரசத்துக்கு இந்த முறை முழு வெல்லம் போடப் போகிறேன், சின்னதாகத் தட்டிக்கொள்கிறேன். பலகாரக்கை அக்கா, பாகுப் பதம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

பலகாரக்கை:
கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடு. கரையாமல், விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். கிண்ணத்தில் தட்டினால் டங்கென்று கேட்கும்வரை விட்டுவிட்டால் அது கடலை மிட்டாய்ப் பதம், அதிரசம் பல்லை உடைக்கும். உருண்டதும் அடுப்பை அணைத்துவிட்டு மாவைத் தூவிக் கிளறு. சுருளச் சுருளப் போடாதே, கொஞ்சம் தளர இருக்கட்டும், மறுநாள் அதுவே இறுகிக்கொள்ளும்.