ஸ்டாண்டுல ஏத்தின ஸ்போர்ட்ஸ் கார் எப்பதான் எறங்கும்? நீங்க பார்த்ததைப் போடுங்க

மூலக்கடை ஸ்பேனர்

சென்னை கொருக்குப்பேட்டையில ஒரு ஷெட்டு. உள்ள ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், புதுப்பிக்கறதுக்காக நாலு ஸ்டாண்டு மேல. பானெட் முழுக்க ரெட் ஆக்சைடு பிரைமர். அது மேல ஆயுத பூஜைப் பொட்டு வரிசையா. போன வருஷத்துது பளிச்சுன்னு இருக்கு, பழசெல்லாம் மங்கிப் போயி. எண்ணினா ஒன்பது. எட்டு வருஷம்தான் ஆச்சுன்னு வண்டிக்காரர் சொல்றாரு. பொட்டு பொய் சொல்லுமா?

"டைமே கெடைக்கல சார்"ன்றாரு. டைம் எங்க போகுதுன்னு ஷெட்டைப் பார்த்தாலே தெரியுது. முன் சஸ்பென்ஷன் பக்கெட்டுல, கதவு ரெண்டும் சுவத்துல சாய்ச்சு, வயரிங் கோணிப்பையில, ஹெட் எறக்கிப் பலகை மேல. நாலு வேலை ஒண்ணாத் தெறந்து கெடக்கு. ஞாயித்துக்கெழமை நாலு மணி நேரம் கெடைச்சாலும் முதல் ஒரு மணி நேரம் எந்த போல்ட்டு எங்கன்னு தேடறதுலயே ஓடிடும்.

ஒரு மூலையை மட்டும் தெறக்கணும். உதாரணத்துக்கு வலது முன்பக்கம்: வெர்ட்டிக்கல் லிங்க் (சக்கரத்தைத் தாங்குற நெட்டுத் துண்டு), ட்ரன்னியன் (லிங்க் அடியில மரையில திருகி உக்கார்ற மூட்டு), பால் ஜாயின்ட், விஷ்போன் புஷ், பிரேக். ரெண்டு ஞாயிறு வேலை. இடது பக்கம் முழுசா மாட்டினபடியே இருக்கட்டும், சந்தேகம் வந்தா அதைப் பார்த்து மாட்டிக்கலாம். ஆனா ட்ரன்னியன் மரை இடதுக்கு ஒரு திசை, வலதுக்கு ஒரு திசை, மாத்திப் போட்டுடாதீங்க. முழுசா உள்ள திருகிட்டு, ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் கடைசி வரை திரும்பற அளவுக்குக் கொஞ்சம் வெளிய திருகி விடணும், ஒரு சுத்துக்கு மேல வேணாம். கிரீஸ் வேணாம், கியர் ஆயில் 90 போடுங்க. கிரீஸ் உள்ள கெட்டியானா மரைக்குத் தண்ணி எறங்கி, லிங்க் துருப்பிடிச்சு அங்கயே ஒடியும். சக்கரம் மடங்கிடும்.

வேற எங்கெங்க வண்டிங்க மாட்டிக்கிட்டு நிக்குது? எந்த இடத்துல நின்னுச்சு?

காசிமேடு காத்து

ரெட் ஆக்சைடுன்னு படிச்சதுமே புரிஞ்சிடுச்சு. அந்தப் பொட்டுக்குப் பக்கத்துல நகத்தால அழுத்திப் பாருங்க, அப்பளமா வரும். ரெட் ஆக்சைடு ஈரத்தை நிறுத்தாது தலைவரே, உறிஞ்சும். டாப் கோட் மேல ஏறுற வரைக்குமான தற்காலிக வேலைக்குத்தான் அது. துறைமுகத்துலேர்ந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள வண்டி நின்னா ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது.

ராயபுரத்துல பார்த்தது இது. பாடியைக் காலையில சாண்ட் பிளாஸ்ட் பண்ணி வெள்ளி மாதிரி கொண்டாந்தாங்க. பெயின்டர் வரல. சாயந்திரம் மஞ்சளாப் பூத்து நிக்குது. அன்னிக்கே ரெண்டு பாகம் கலக்குற எபாக்ஸி பிரைமர் ஏறியிருக்கணும். பூத்ததுக்கு அப்புறம் அப்படியே மேல அடிச்சா உப்பு அடியில மாட்டிக்கும். மொதல்ல நல்ல தண்ணியில கழுவி, பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி போட்டு, மறுபடி கழுவி, நல்லாக் காய வெச்சு அடிக்கணும். பெயின்டர் தேதி கையில இல்லாம பிளாஸ்டிங்குக்கு அனுப்பாதீங்க. டைம் மிச்சம் பண்றது அங்கதான்.

அதே வண்டியில இன்னொரு கூத்து. ரெண்டு சில்லையும் (கதவுக்குக் கீழ நீளமா ஓடுற தகரப் பெட்டி) ஒரே நாள்ல வெட்டி எடுத்துட்டாங்க. ஸ்பிட்ஃபயர்ல சில்லு வெறும் அழகுக்கு இல்ல, நடுவுல பாடியைத் தாங்குறதே அதுதான். புது சில்லு வெல்டு பண்ணி முடிச்சு கதவை மாட்டினா, மேல இடைவெளியில நகம் போகல, கீழ பென்சிலே போகுது. நடு எறங்கிடுச்சு. மறுபடி வெட்டி, ஜாக்கி குடுத்துத் தூக்கி, திரும்ப வெல்டிங்கு. கதவு ஓட்டைக்குக் குறுக்க 25 மி.மீ. சதுரப் பைப்பு வெச்சு, பாடியைச் சேசிஸ்ல போல்ட்டு போட்டபடியே விட்டு, ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த பக்கம் போயிருந்தா அந்த ஒரு வருஷம் போயிருக்காது.

பழைய வண்ணை

எல்லாரும் துருவைப் பத்தியே பேசறீங்க. நான் பார்த்தது டயர்.

வேலையெல்லாம் முடிஞ்ச வண்டி. அஞ்சு டயரும் புதுசு, ரப்பர் முடி கூட உதிரல. ஒரு அடி ரோட்டுல ஓடல. பக்கவாட்டுல டார்ச் அடிச்சா நரம்பு நரம்பா வெடிப்பு. டயர்ல DOT-ன்ற எழுத்துக்கு அப்புறம் கடைசி நாலு நம்பர் 1214. 2014-ஆம் வருஷம் 12-ஆம் வாரம் செஞ்ச டயர். புராஜெக்ட் ஆரம்பிச்ச ஜோருல மொதல் மாசமே வாங்கிப் போட்டிருக்காரு. அவ்வளவும் குப்பைக்கு.

நீண்ட நாள் வேலையில வாங்குற வரிசைதான் முக்கியம். இரும்பை முன்னாடி வாங்கலாம்: பிஸ்டன், பேரிங், வால்வு. எண்ணெய் தடவி மூடி வெச்சா கெடாது. ரப்பர், டயர், பேட்டரி, பிரேக் வாஷர், பெயின்ட் ஹார்டனர் எல்லாம் மாட்டப் போற மாசத்துல மட்டும் வாங்குங்க. ஹார்டனர் டப்பாவைத் தெறந்துட்டா நம்ம ஊரு ஈரத்துல ரொம்ப நாள் நிக்காது.

மிண்ட் லேத்

எம்ஜி டிடி ஒண்ணு, அதுவும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஒரே போல்ட்டுக்காக மாசக்கணக்கா நின்னுச்சு. சம்ப்பு (இன்ஜின் அடியில எண்ணெய் நிக்கிற தொட்டி) போல்ட்டு. அதோட எக்ஸ்பிஏஜி இன்ஜின் 1250 சிசி. பார்த்தா விட்வர்த்ன்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் பிடிக்குது, அதனால மரையும் விட்வர்த்துன்னு நெனைச்சு ஒருத்தர் அடிச்சுத் திருகிட்டாரு. இன்னொருத்தர் இல்ல இது மெட்ரிக்னு கடையில எம்8 வாங்கியாந்து திருகினாரு. ரெண்டு பேரும் தப்பு. தலை விட்வர்த் அளவு, மரை மெட்ரிக், அதுலயும் 1.0 பிட்ச் (மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி). கடையில கெடைக்கிற எம்8 1.25 பிட்ச். அதை அடிச்சுத் திருகினா மரை தூளாயிடும். அந்த வண்டிக்கு ஏழு ஓட்டையிலயும் ஹெலிகாயில்ன்ற கம்பிச் சுருள் மரை வெக்க வேண்டியதாப் போச்சு.

மரை அளக்குற கேஜ் ஒண்ணு வாங்கி ஷெட்டுல மாட்டி வைங்கப்பா. கழட்டுற ஒவ்வொரு போல்ட்டையும் வந்த வரிசையிலயே ஜிஐ கம்பியில கோத்து, நுனியில அட்டை கட்டுங்க. பக்கெட்டுல போடறவங்க வண்டி முடியாது, இது சத்தியம்.

இன்னொண்ணு. போல்ட்டெல்லாம் சேர்த்துக் கிலோ கணக்குல ஜிங்க் பிளேட்டிங்குக்கு அனுப்பறாங்க. பானெட் போல்ட்டுக்கு ஓகே. ஹெட் ஸ்டட்டு, கனெக்டிங் ராடு போல்ட்டு மாதிரி கெட்டி ஸ்டீலை அனுப்பாதீங்க. ஹைட்ரஜன் உள்ள போயி, டைட் பண்ணும்போது ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சுத் தானா முறியும்.

மாதவரம் 16வி

இவ்ளோ பாடு எதுக்கு? மாருதி ஜிப்சியோட 1.3 எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இஞ்செக்ஷன்) இன்ஜினும் கியர்பாக்ஸும் உள்ள எறக்குங்க, ஆறு மாசத்துல வண்டி ரோட்டுல. ஸ்பேர் எங்க வேணா கெடைக்கும். ஒன்பது பொட்டு வெச்சதுக்கு இது எவ்வளவோ மேல்.

மூலக்கடை ஸ்பேனர்

ஆறு மாசமா? இன்ஜின் உக்காரதுக்குத்தான் ஆறு மாசம். மவுன்ட்டு புதுசு, கியர் டனல் வெட்டணும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டு நீளம் மாத்தி பேலன்ஸ் பண்ணணும். ஸ்பிட்ஃபயரோட எஸ்யூ கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐ போதும், உங்க இஞ்செக்‌ஷனுக்கு அதுமாதிரி பத்து மடங்குக்கு மேல வேணும். பழைய டேங்குல ரிட்டர்ன் லைனும் கெடையாது, பம்புக்குப் பெட்ரோலைத் தேக்கி வெக்கிற ஸ்வர்ல் பாட்டும் கெடையாது. பாதி டேங்குல வளைவு எடுத்தா பம்பு காத்தைத்தான் இழுக்கும்.

அதுக்கு மேல ஆர்டிஓ. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி வாங்கி ஆர்சியில ஏத்தாம இன்ஜின் மாத்த முடியாது. 2021 ஜூலையில வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் வண்டின்னு விஏ வரிசை நம்பர் கெடைக்கும். மொதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின் இதுல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது. மார்க் 3 கடைசியா வந்தது 1970. அந்த வண்டி எல்லாமே இப்ப தகுதி. ஜிப்சி எறக்கினா அதுக்கு டாட்டா.

ஸ்பேர் கெடைக்காதுன்னு யார் சொன்னா? 1961-லேர்ந்து நம்ம ஊர்லயே செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன். முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ரேக் எல்லாம் ஒரே குடும்பம். டிஃப்ரென்ஷியல் (பின் சக்கரங்களைச் சுத்துற பல்சக்கரப் பெட்டி) எடுக்கும்போது மட்டும் பல்லை எண்ணுங்க. 37-க்கு 9-ன்னா 4.11, ஸ்பிட்ஃபயருக்குச் சரி. 39-க்கு 8-ன்னா 4.875, பழைய 948 சிசி ஹெரால்டோடது. அதைப் போட்டா 80 கி.மீ. வேகத்துலயே இன்ஜின் கத்தும். தெறக்காமலே பார்க்கலாம்: ரெண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுத்து சுத்தி, புரொப்பெல்லர் எத்தனை சுத்துதுன்னு சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்க.

மாதவரம் 16வி

சட்டம் பேசறவங்க வண்டிதான் ஷெட்டுல நிக்குது. எழுதி வெச்சுக்கோங்க.

வியாசர்பாடி டிஃப்

சண்டை அப்புறம். மிக்ஜாம் புயல் அப்போ, 2023 டிசம்பர், தெருவுல இடுப்பளவு தண்ணி. ஷெட்டு கொஞ்சம் மேடு, ஸ்டாண்டு ஒண்ணரை அடி உயரம். வண்டி நனையலன்னு சந்தோஷப்பட்டாங்க, டிஃப்ரென்ஷியல் மட்டும் முங்கி எழுந்திருக்கு. மூச்சு விடற ஓட்டை வழியாவும், காய்ஞ்சு போன சீல் வழியாவும் தண்ணி உள்ள. ரெண்டு மாசம் கழிச்சு டிரெய்ன் பண்ணினா முதல்ல ஒரு தம்ளர் வெறும் தண்ணி, அப்புறம் பால் காபி. பினியன் பேரிங் போச்சு. அன்னிக்கே எண்ணெயை எறக்கி, டீசல் ஊத்தி அலசி, புது கியர் ஆயில் 90 ஊத்தியிருந்தா ஒரு மணி நேர வேலை.

அதே வண்டியில கிளச்சு பிளேட்டு ஃப்ளைவீல்ல ஒட்டிக்கிச்சு. மழைக்காலத்துக்கு நிறுத்தும்போது கிளச்சு பெடலை மரக்கட்டை குடுத்து அழுத்தி வெச்சா ஒட்டாது.

ஒற்றியூர் பெரியவர்

தம்பிகளா, சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்பில் பந்தயம் ஓடிய காலத்து வண்டிகளைப் பார்த்தவன் என்ற உரிமையில் சில விஷயம். யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்.

நின்று போன வண்டிகளில் ஞாயிறுக்காகக் காத்திருந்தவைதான் அதிகம். 20 நிமிட வேலை என்று தனியே பட்டியல் எழுதி ஷெட் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். வாரநாள் இரவு சாப்பாட்டுக்கு முன் ஒன்று முடியும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் தேய்த்து 0.015 அங்குலம் வைப்பது. பிளக் 0.025. வால்வு இடைவெளி, குளிர்ந்த இன்ஜினில் 0.010. இதற்கு ஒன்பது கணக்கு போதும்: 1-ஆம் வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது 8-ஐச் செட் செய்யுங்கள், 2 அழுந்தினால் 7, 3-க்கு 6. எதைக் கூட்டினாலும் ஒன்பது. எட்டு வால்வும் இருபது நிமிடம். லேத், வெல்டிங், பெயின்ட் மூன்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு முழு நாள் வேண்டும், பாதியில் விட்டால் முன்னிருந்ததைவிட மோசமாகும்.

கடைசி பத்து நிமிடம் ஸ்பேனரைத் தொடாதீர்கள். அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை, ஸ்பேனர் அளவோடு எழுதி வண்டி மேல் வையுங்கள். "பிரேக் பார்க்கணும்" என்று எழுதுவது வீண். "இடது பின் வீல் சிலிண்டர், பைப் நட் கழட்டணும், 7/16" என்று எழுதுங்கள்.

ஹெட் எறங்கிய நிலையில் இன்ஜினை விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் நான்கு சிலிண்டரின் உள்சுவரிலும் எண்ணெய் தடவி, மேலே பலகை வைத்து இறுக்குங்கள். ஹெட் மாட்டியிருந்தால் பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறை கிராங்க் புல்லியைக் கையால் சுற்றுங்கள். அப்படியே ஒருவரை கிளச்சை மிதிக்கச் சொல்லி புல்லியைப் பாருங்கள். முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. எண்ட் ஃப்ளோட், அதாவது கிராங்க் முன்பின் நகரும் அளவு, 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இன்ஜினை இறக்காமல் சம்ப்பையும் பின் மெயின் கேப்பையும் கழற்றியே மாற்றலாம். பள்ளம் உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்கட்டும். விட்டுவிட்டால் வாஷர் சம்ப்பில் விழும், அப்புறம் பிளாக்கே போகும்.

பெட்ரோலை டேங்கில் வைத்துக்கொண்டு நிறுத்தாதீர்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், ஒரு அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கி டேங்கை அரிக்கும். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் ஊறிப் பிசுபிசுக்கும். எத்தனாலைத் தாங்கும் ‘விட்டான்’ (Viton) ரப்பருக்கு மாற்றுங்கள்.

நான் பார்த்த வண்டி? 1147 சிசி ஸ்பிட்ஃபயர். த்ரஸ்ட் வாஷர் விழுந்துதான் நின்றது.

மிண்ட் லேத்

பெரியவரே, எல்லாம் சரி, 20 நிமிஷம் மட்டும் ஒத்துக்க மாட்டேன். கை கழுவவே பத்து நிமிஷம் ஆகும். ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஷெட்டைத் தெறக்காம இருக்கறதே நல்லது. பாதி டைட் பண்ணின போல்ட்டுதான் எல்லா ஆக்சிடென்டுக்கும் காரணம்.

ஒற்றியூர் பெரியவர்

டைட் செய்த போல்ட்டில் மஞ்சள் பெயின்ட் கோடு போடுங்கள் தம்பி. கோடு இல்லாதது முடியாதது.

காசிமேடு காத்து

ஸ்பேனர் அண்ணே, அந்தக் கொருக்குப்பேட்டை வண்டிக்காரர்கிட்ட சொல்லுங்க. ஆயுத பூஜை முடிஞ்சா வடகிழக்கு மழை, பொங்கல் வரைக்கும் வெளியில பெயின்ட் வேலை வேணாம். பானெட்டை மட்டும் இப்பவே எறக்கி ரெட் ஆக்சைடை முழுசாத் தேய்ச்சு எடுத்துட்டு எபாக்ஸி அடிக்கச் சொல்லுங்க. கம்ப்ரசர் லைன்ல தண்ணி பிடிக்கிற ஃபில்டர் இருக்கணும், இல்லன்னா மீன் கண்ணு மாதிரி குழி விழும்.

மூலக்கடை ஸ்பேனர்

சொன்னேன். "பொட்டு போயிடுமே சார்"ன்றாரு.