தாத்தா வீட்டுக் குழுவில் ஒரு பட்டிமன்றம்

ஞாயிற்றுக்கிழமை

நான், 8:02
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை கல்லூரியில் பட்டிமன்றம். தலைப்பு: பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு நாட்டைக் காப்பாற்றுவது அரசியலா, மருத்துவ வசதியா? எனக்கு 'மருத்துவ வசதியே' அணி. ஆறு நிமிடம் பேச வேண்டும். உதவி செய்யுங்கள்.

பெரியப்பா, 8:05
தோற்கிற அணியைக் கொடுத்துவிட்டார்களே பாப்பா. மேலே உறுதியாக முடிவெடுக்கும் ஆள் இருந்தால்தான் எல்லாம் நடக்கும். வியட்நாமைப் பார். சீனாவை ஒட்டிய நாடு, பணக்கார நாடும் இல்லை. 2020 ஜூலை கடைசி வரை கொரோனாவால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அரசு சொன்னது, மக்கள் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் நியூஜெர்சி, 8:09
பாப்பா, உன் அணிக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அதை முதலிலேயே தெரிந்துகொள். 2019 அக்டோபரில், அதாவது கொரோனாவுக்குச் சில வாரங்கள் முன்பு, எந்த நாடு பெருந்தொற்றுக்கு எவ்வளவு தயார் என்று 195 நாடுகளை வரிசைப்படுத்தினார்கள். முதல் இடம் அமெரிக்கா. இரண்டாம் இடம் பிரிட்டன். பிறகு அமெரிக்காவில் மட்டும் 11 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். எதிரணி இதைச் சொன்னால் நீ என்ன பதில் சொல்வாய்?

நான், 8:10
😟 என்ன சொல்வது?

அண்ணன் நியூஜெர்சி, 8:16
அதே பட்டியலிலேயே பதிலும் இருக்கிறது. மருத்துவம் எல்லோருக்கும் எட்டுகிறதா என்ற கேள்விக்கு அமெரிக்காவுக்குக் கிடைத்த இடம் 175. ஆய்வுக்கூடம், விஞ்ஞானி, பணம் எல்லாம் இருந்தது. ஆனால் இங்கே பெரும்பாலானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டியது. 2020 ஏப்ரலில் வேலையில்லாதோர் 14.7 சதவீதம். வேலை போன கையோடு நிறையப் பேருக்குக் காப்பீடும் போனது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலோடு ஐந்து நாள் வீட்டிலேயே கிடந்தார். நோயை விட, ஆஸ்பத்திரி பில்லை நினைத்துத்தான் அவருக்குப் பயம். வசதி இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு. உன் அணி 'வசதி' என்ற சொல்லை இப்படி விரித்துப் பேசினால் தப்பிக்கலாம்.

அண்ணன் நியூஜெர்சி, 8:20
இன்னொன்று. தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும் முதல் நோயாளியைக் கண்டுபிடித்தது கிட்டத்தட்ட ஒரே நாளில், 2020 ஜனவரி 20 வாக்கில். கொரியா 2015இல் மெர்ஸ் காய்ச்சலில் அடி வாங்கிய நாடு. 186 பேருக்கு வந்து 38 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, அவசர காலத்தில் பரிசோதனைக் கருவிகளுக்கு உடனே அனுமதி கொடுக்கச் சட்டத்தையே மாற்றினார்கள். இங்கே பிப்ரவரியில் அரசு நிறுவனம் அனுப்பிய கருவியில் கோளாறு. மற்ற ஆய்வுக்கூடங்கள் சொந்தமாகக் கருவி செய்யலாம் என்றாலும் அனுமதிக்குக் காத்திருந்தார்கள். அப்படியே வாரக்கணக்கில் போய்விட்டது.

பெரியப்பா, 8:22
சட்டத்தை மாற்றியது யார்? அரசியல்தானே?

சித்தி லண்டன், 8:24
அத்தான், கொஞ்சம் பொறுங்கள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி லண்டன், 8:33
பாப்பா, இங்கே பில்லே கிடையாது. 1948இல் இருந்து எல்லோருக்கும் இலவசம். அப்படியும் பட்டோம். 2020 மார்ச் 23 அன்றுதான் ஊரடங்கு அறிவித்தார்கள். அதற்குள் எங்கள் வார்டு நிரம்பத் தொடங்கிவிட்டது. படுக்கையைக் காலி செய்ய வேண்டும் என்று, பரிசோதனைகூடச் செய்யாமல் முதியவர்களை முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினார்கள். 2022இல் உயர் நீதிமன்றம் அந்தக் கொள்கை சட்டப்படி தவறு என்று தீர்ப்புச் சொன்னது. நான் கைபிடித்துச் சக்கர நாற்காலியில் ஏற்றி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அந்த முகங்கள் இன்னும் எனக்குத் தூக்கத்தில் வரும். முடிவெடுத்தது என்னைப் போன்ற நர்ஸ் இல்லை.

ஆனால் இதையும் கேள். தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தேடும் வேலையை மையமாக ஓர் அமைப்பு தொடங்கி, தொலைபேசி மையங்களில் ஆட்களை உட்கார வைத்துச் செய்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒதுக்கிய பணம் 3,700 கோடி பவுண்டு. அந்தந்த ஊர் நகராட்சிச் சுகாதாரக்காரர்களுக்குத் தெருவும் தெரியும், ஆளும் தெரியும். அவர்களைத் தொடக்கத்தில் ஓரத்தில் வைத்துவிட்டார்கள். பணத்துக்கு ஏற்ற பலன் இல்லை.

அதே வருடம் டிசம்பர் 8 அன்று தடுப்பூசி தொடங்கியது. முதல் ஊசி கவென்ட்ரியில் 90 வயதுப் பாட்டிக்கு. அது மளமளவென்று நடந்தது. ஏன் தெரியுமா? இங்கே ஒவ்வொருவர் பெயரும் வயதும் நோயும் அவரவர் பகுதிக் குடும்ப மருத்துவரிடம் பதிவாகி இருக்கிறது. வயது வரிசைப்படி கூப்பிட்டார்கள், வந்தார்கள். ஒரே நாடு, ஒரே பிரதமர், ஒரே வருடம். ஒரு வேலை கவிழ்ந்தது, ஒரு வேலை ஜெயித்தது.

நான், 8:35
சித்தி, இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

சித்தி லண்டன், 8:35
எடுத்துக்கொள் கண்ணு.

மாமா சிங்கப்பூர், 8:41
எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள். அத்தான் கேட்கிற உறுதியான அரசு இங்கே உண்டு. பணம் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. 2020 பிப்ரவரியிலேயே வீட்டுக்கு 4 முகக்கவசம் கொடுத்தார்கள். ஆனால் விடுதியில் இருப்பவனுக்கு வீடு எது? ஓர் அறையில் 12 பேர், சில இடத்தில் 20 பேர். சமையல், குளியல் எல்லாம் ஒன்றாக. ஏப்ரலில் விடுதிகளில் பற்றிக்கொண்டது. ஏறக்குறைய 3,20,000 தொழிலாளிகளில் வருடக் கடைசிக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தொற்றிவிட்டது. நிறையப் பேர் நம் பக்கத்துப் பையன்கள், புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம். வைத்தியத்தை அரசு நன்றாகவே பார்த்தது, பையன்களும் இளவயது, அதனால் இறப்பு மிகக் குறைவு. ஆனால் மாதக்கணக்கில் வெளியே விடவில்லை. ஊருக்கு வீடியோ கால் போட்டு அழுத பையன்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. யார் கண்ணுக்கும் அவர்கள் முன்கூட்டியே படவில்லை.

பெரியப்பா, 8:44
இதெல்லாம் என் பக்கம்தான் பேசுகிறது.

அண்ணன் நியூஜெர்சி, 8:49
பிரேசிலும் உங்கள் பக்கம்தான் அப்பா. அங்கே 1988 அரசியல் சட்டத்திலேயே மருத்துவம் எல்லோருக்கும் உரிமை. வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். ஆனால் அதிபர் போல்சொனாரோ அதைச் சின்னக் காய்ச்சல் என்றார். ஊரடங்கை ஆதரித்த சுகாதார அமைச்சரை ஏப்ரலில் நீக்கினார். அடுத்து வந்தவர் ஒரு மாதம்கூடத் தாங்காமல் விலகினார். அப்புறம் ஓர் ராணுவ ஜெனரலை அமர்த்தினார். 7 லட்சம் பேர் இறந்தார்கள். மேலே இருக்கிற கை உறுதியாகத்தான் இருந்தது. தப்பான பக்கம் இழுத்தது.

வியட்நாமும் 2021இல் அப்படியே இல்லை. ஆளும் கட்சி மாறவில்லை, கட்டுப்பாடும் மாறவில்லை. தடுப்பூசி போதவில்லை. டெல்டா வகைக் கொரோனா ஹோ சி மின் நகருக்குள் வந்த சில மாதங்களில் நாடு முழுக்க 20,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

மாமா சிங்கப்பூர், 8:53
அத்தான், தைவான் என்ன சொல்கிறீர்கள்? 2020 ஜனவரியில்கூடத் தேர்தல் நடத்திய நாடு. 2003 சார்ஸில் பட்ட அடியை மறக்கவில்லை. 2019 டிசம்பர் 31 அன்றே ஊகானிலிருந்து வரும் விமானத்தில் ஏறிச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போதைய துணை அதிபர் தொற்றுநோய் படித்தவர், சார்ஸ் காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவர். எல்லோருக்கும் ஒரே காப்பீட்டு அட்டை. அதைக் காட்டித்தான் முகக்கவசம் வாங்கினார்கள், ரேஷன் மாதிரி. அமைச்சர் தினமும் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து பதில் சொன்னார். 2020 முழுக்க இறந்தது 7 பேர்.

நான், 8:55
பெரியப்பா, அப்படியானால் உறுதியான கை மட்டும் போதாது இல்லையா?

(பதில் இல்லை)

பெரியப்பா, 9:14
பாப்பா, நான் ஏன் இதையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு.

2021 மே. உன் பெரியம்மாவுக்கு ஆக்சிஜன் அளவு 84. நான் எத்தனை நம்பருக்குப் போன் செய்தேன் என்று கணக்கே இல்லை. ஓர் இடத்தில் படுக்கை இருக்கிறது என்பார்கள், போனால் இல்லை. இன்னோர் இடத்தில் படுக்கை இருக்கும், ஆக்சிஜன் இல்லை. ஆட்டோவிலேயே நான்கு மணி நேரம். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு 'இங்கே போ' என்று எனக்குச் சொல்லியிருந்தால் போதும். அதைத்தான் உறுதியான கை என்கிறேன். வேறொன்றும் இல்லை.

அம்மா, 9:16
அத்தான் 🙏

சித்தி லண்டன், 9:17
அன்றைக்கு நான் இங்கே ஆக்சிஜன் குழாயைத் திருகிக்கொண்டிருந்தேன் அத்தான். யார் யாருக்கோ. அக்காவுக்கு முடியவில்லை.

அண்ணன் நியூஜெர்சி, 9:25
நான் போனில்தான் பார்த்தேன் பாப்பா. வர முடியவில்லை. அம்மாவின் இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று மட்டும்தான் இருக்கிறது. பரிசோதனை முடிவு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 2020, 2021 இரண்டு வருடத்தில் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் இறந்தவர்கள் சுமார் 47 லட்சம் என்று. அரசுக் கணக்கு 4.8 லட்சம். கணக்கிட்ட முறையே தவறு என்று மத்திய அரசு மறுத்துவிட்டது. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எங்கோ என் அம்மா இருக்கிறாள் என்று நான் நினைப்பேன். யாரை எண்ணுவது என்பதையும் அரசியல்தான் முடிவு செய்கிறது. உன் எதிரணிக்கு இது தோன்றாது. ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா, 9:28
அந்த மே மாதம் தடுப்பூசியில் பாதியை மாநிலங்களும் தனியார் ஆஸ்பத்திரிகளுமே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். பல மாநிலங்கள் தனித்தனியாக டெண்டர் போட்டன. ஜூன் 21இல் இருந்துதான் மத்திய அரசே திரும்ப வாங்கிக் கொடுத்தது. அக்காவுக்கு ஒரு ஊசிதான் போட்டிருந்தது.

தாத்தா, 9:40
எல்லாவற்றையும் படித்தேன். கண் சரியில்லை, மெதுவாகத்தான் எழுத வரும்.

தாத்தா, 9:58
பாப்பா, நான் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்தபோது எங்கள் மேலதிகாரி சொன்னது இது: ஆஸ்பத்திரி, வந்தவனைப் பார்க்கும். நாம் வராதவனைப் பார்க்க வேண்டும். நம் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கு என்று 1939இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தனித் துறை, தனி இயக்குநர். மற்றப் பல மாநிலங்களில் ஆஸ்பத்திரியும் பொதுச் சுகாதாரமும் ஒன்றாகவே கிடந்தன.

மலேரியா வேலைக்குப் போனால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தேதி எழுதிவிட்டு வருவோம். அடுத்த முறை போகிறவனுக்கு அதுதான் கணக்கு. ஒரு தெருவில் காலரா ஊசி போடவே விட மாட்டோம் என்று நின்றார்கள். போலீஸைக் கூப்பிடலாம் என்றான் கூட வந்தவன். வேண்டாம் என்றேன். அந்தத் தெருவில் மூத்த கிழவி ஒருத்தி, அவள் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவள் பேரப்பிள்ளை பெயர் எனக்குத் தெரியும், அவன் படிப்பைப் பற்றிக் கேட்டேன். சாயங்காலம் அவளே முதலில் கையை நீட்டினாள். பிறகு தெருவே வந்தது.

கேரளத்தில் 2018இல் நிபா வந்தபோது 17 பேர் இறந்தார்கள். யார் யாரைத் தொட்டார்கள் என்று பெயர் பெயராக எழுதித் தேடினார்கள். 2020 ஜனவரி 30 அன்று நாட்டின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் தெரிந்தபோது, அந்தப் பழக்கம் கையில் இருந்தது.

உன் தலைப்பில் ஒரு பக்கம் மந்திரி, ஒரு பக்கம் ஆஸ்பத்திரி. நடுவில் தெருவில் நடக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். அவன் பணியிடத்தை நிரப்புவதும் காலியாக விடுவதும் அரசியல். அவனுக்கு வேலை தெரிவது துறையின் கையில். அவன் இல்லாமல் மேலே இருந்து சொல்வது கீழே வராது, கீழே நடப்பது மேலே போகாது.

சித்தி லண்டன், 10:01
அப்பா, நான் சொன்ன குடும்ப மருத்துவர் பதிவேடு இதேதான். உங்கள் சுவர்.

பெரியப்பா, 10:09
மாமா, தெருவில் நடக்கிற ஆள் என்று நீங்கள் சொன்னதும்தான் நினைவு வருகிறது. 2020இல் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் தினமும் வருவாள். இருபத்திரண்டு வயது இருக்கும். வாசலில் நின்று, யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்டு நோட்டில் எழுதுவாள். கையில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருப்பாள். சில நாள் எனக்கே எரிச்சல், தினமும் இதே கேள்வியா என்று. தொற்று குறைந்ததும் அவள் வருவது நின்றுவிட்டது. 2021 மே மாதம் வாசலுக்கு யாரும் வரவில்லை. உன் பெரியம்மா இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்தப் பெண் வந்து விரலில் மாட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

தாத்தா, 10:13
தொற்று குறையும்போதுதான் மாப்பிள்ளை அந்த ஆள் அதிகம் தேவை. அதை மேலே உள்ளவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் பணி ஓய்வே வந்துவிட்டது.

நான், 10:20
நான் என் அணியிலேயே நின்று பேசுகிறேன். மருத்துவ வசதி ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது என்று. சித்தி சொன்ன இரண்டு வேலை, மாமா சொன்ன விடுதி, பிரேசில், தாத்தாவின் சுவர். வாசலுக்கு வரும் ஆளை அனுப்புவதும் நிறுத்துவதும் அரசியல் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வேன். மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை.

பெரியப்பா, பெரியம்மாவைப் பற்றி மேடையில் சொல்லலாமா?

பெரியப்பா, 10:31
சொல்.

பெரியப்பா, 10:34
அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல். வெயிலில் வருவாள் என்று உன் பெரியம்மா தினமும் ஒரு டம்ளர் மோர் எடுத்து வாசல் திண்டில் வைத்துவிட்டு, தள்ளி நின்றுகொள்வாள். அதையும் சேர்த்துச் சொல்.