பேப்பர் மாடல் கிட்: ‘வெட்டேடு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். அச்சிட்ட தாளை வெட்டி, மடித்து, ஒட்டிக் கப்பல், விமானம், கட்டடம் என்று சிறு உருவங்கள் செய்கிறோமே, அதற்கு விற்கும் ‘பேப்பர் மாடல் கிட்’டுக்கு ‘வெட்டேடு’ என்ற பெயரைக் குழுவில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘கிட்’ என்பதற்குத் ‘தொகுப்பு’ இருக்கிறதே. ‘காகித மாதிரித் தொகுப்பு’ என்று எழுதினால் போதாதா? புதுச்சொல் எதற்கு?

ஐயா, நானும் இரண்டு வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் படித்த பக்கத்து வீட்டுத் தம்பி, “அண்ணா, சாம்பிள் பேப்பரை எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்?” என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. மாதிரி என்றால் நமக்கு முதலில் தோன்றுவது சாம்பிள்தான்.

தொகுப்பு என்ற சொல்லும் தடம் மாற்றிவிடுகிறது. பெட்டியைத் திறந்தால் உறுப்புகள் தயாராக இருக்கும் என்று நினைக்க வைக்கிறது. பிளாஸ்டிக் கிட் அப்படி வரும். காகித கிட் பெரும்பாலும் ஒரு புத்தகமாக வரும். வண்ணத்தில் அச்சிட்ட சில தாள்கள், செய்முறைப் படங்கள், நடுவில் பின். வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது எல்லாம் வாங்கியவர் வேலை. இது தெரியாமல் வாங்கியவர்கள் ஏமாந்ததாக நினைக்கிறார்கள். சொல்லிலேயே அது தெரிந்துவிட்டால் நல்லது.

இந்தக் கலை வேரூன்றிய நாடுகளில் என்ன பெயர் என்று பார்த்தேன். ஜெர்மனியில் ‘அவுஸ்ஷ்னைடபோகன்’, அதாவது வெட்டியெடுக்கும் தாள். செக் மொழியில் ‘விஸ்த்ரிஹோவான்கா’, போலந்தில் ‘வித்சினான்கா’. இரண்டுமே வெட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தவை. ஒருவரும் மாதிரியிலிருந்து தொடங்கவில்லை. கத்தரிக்கோலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: வாங்கும் புத்தகம் வெட்டேடு. கட்டி முடித்த பொருள் தாளுரு. கையேடு, பேரேடு, பதிவேடு என்று ஏற்கெனவே ஒரு வரிசை இருப்பதால் வெட்டேடு அதில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரிகாமியிலிருந்தும் பிரிந்து நிற்கிறது. அதில் மடிப்பு மட்டும்தான், வெட்டும் பசையும் கிடையாது.

> வெட்டு என்ற சொல் வன்முறையாக ஒலிக்கிறதே?

அம்மா, துணி வெட்டுகிறோம், முடி வெட்டுகிறோம், காய்கூட வெட்டுகிறோம். எனக்கு அப்படி ஒலிக்கவில்லை.

இனி, புதிதாக வருகிறவர் நல்ல வெட்டேட்டை எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்வி. குழுவில் இருவர் இதைக் கேட்டிருந்தீர்கள். சொற்களை உரசிப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் தாள். நகலெடுக்கும் தாள் 70–80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். தாளுருவின் வெளியே தெரியும் மேல்தோலுக்கு 160 முதல் 200 வரை வேண்டும். நான் முதன்முதலில் ஒரு கோபுரத்தை 80 ஜி.எஸ்.எம். தாளில் இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டேன். ஃபெவிகாலின் ஈரம் பட்டதும் சுவர் அலையலையாக நெளிந்தது, ஜன்னலின் நீலம் விரலோடு வந்துவிட்டது. அச்சகத்தில் ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சான ஏடு அப்படிக் கரைவதில்லை.

தாளுக்கு ஒரு திசையும் உண்டு. நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். ஒரு தாளில் நீளவாக்கில் ஒரு பட்டை, குறுக்குவாக்கில் ஒரு பட்டை, ஒரே அளவில் வெட்டி மேசை விளிம்பில் நீட்டிப் பிடியுங்கள். ஒன்று விறைப்பாக நிற்கும், இன்னொன்று தலை தொங்கும். விறைப்பாக நிற்பதில்தான் நார் நீளவாக்கில் ஓடுகிறது. உதாரணமாக, டாங்கித் தாளுருவுக்குப் பீரங்கிக் குழாய் சுருட்டும்போது நார் குழாயின் நீளத்தோடு ஓடினால் தாள் சொன்னபடி கேட்கும், மாறிப்போனால் முறிந்து முறிந்து நிற்கும். நீளவாக்கு, குறுக்குவாக்கு என்று தினம் சொல்கிறோமே, இதற்கு நார்வாக்கு என்று வைக்கலாமா?

அடுத்தது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவது. நல்ல வடிவமைப்பாளர் அச்சுக்கு முன் வெறும் வெள்ளைத்தாளில் முழுதாக ஒருமுறை கட்டிப் பார்ப்பார். இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. நம் வெள்ளோட்டம் இருக்கிறது. வாங்குமுன் கணினியில் வரைந்த படத்தை நம்பாதீர்கள். உண்மையில் கட்டிய தாளுருவின் புகைப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டுகள் அதில் தெரியும்.

இதில் நான் பட்டிருக்கிறேன். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கப்பல் ஏட்டை வாங்கினேன். யாரோ மூலத்தை ஸ்கேன் செய்து திரும்ப அச்சடித்தது அது. உள்சட்டம் சரியாக வந்தது. மேல்தோல் பக்கத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கி அச்சிட்டிருந்தார்கள். முனையில் 3 மில்லிமீட்டர் இடைவெளி. மூன்று வாரம் செய்த வேலை அங்கேயே நின்றுபோனது. மூலப் பதிப்பகத்தில் வாங்குங்கள். வடிவமைத்தவருக்குச் சேரவேண்டியதும் சேரும்.

பதிப்பகங்களுக்குப் பஞ்சமில்லை. போலந்தின் ‘மவி மொடெலாஷ்’ இதழ் 1957-இல் தொடங்கியது. அங்கே விமானத்துக்கு 1:33, டாங்கிக்கு 1:25, கப்பலுக்கு 1:200 என்ற விகிதங்கள் வழக்கம். ஜெர்மன் கப்பல்கள் 1:250. விகிதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மீட்டர் இறக்கையுள்ள விமானம் 1:33-இல் சுமார் 30 சென்டிமீட்டர். அலமாரியில் இடம் இருக்கிறதா? முதல் முயற்சிக்கு விமானமும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். நேர்ச்சுவர் உள்ள கட்டடம் ஒன்றை எடுங்கள். வளைவுக்குக் கை பழக நாளாகும். காசு செலவழிக்கத் தயக்கமா, கேனன் நிறுவனத்தின் ‘கிரியேட்டிவ் பார்க்’ தளத்தில் இலவசமாக இறக்கி, தடித்த தாளில் அச்சிட்டுப் பழகலாம்.

மடிக்குமுன் கோட்டின் மேல் மழுங்கிய முனையால் அழுத்துவதை நம் அச்சகங்களில் ‘கிரீசிங்’ என்பார்கள். ‘கீறல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வேண்டாம் என்பேன். கீறு என்று படித்ததும் புதியவர் பிளேடை எடுத்துவிடுவார், தாள் இரண்டாகும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும். ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு, பள்ளம் விழுந்தால் சரி. அந்தப் பள்ளத்துக்கு ‘மடிதடம்’ என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

மீதி இருப்பது பசை தடவ விடும் அந்தச் சின்ன நீட்டம், ஆங்கிலத்தில் ‘டேப்’ (tab). அதற்கு ‘ஒட்டுமடல்’, ‘ஒட்டுக்காது’ என்ற இரண்டு பெயர்கள் முன்னால் நிற்கின்றன. என் மகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அதைக் ‘காது’ என்கிறாள். நான் அவள் பக்கம். ஐயா, நீங்கள்?