செக்ரோல் யார் கையில் இருந்தது?

ஒட்டுப்பால்:
மலாயா பேராக்கில் உள்ள நம்ம சுங்கை சிப்புட் ஊர்க் குழுவில் நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: “ஜப்பான் காலத்தில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடும் வேலைக்குப் போனவர்கள், நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம் என்றதும் ஆசைப்பட்டுத் தாங்களாகவே போனார்கள். ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ்காரர்கள் மேல் பழி போடுவது தப்பு.” அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

என் தாத்தாவை 1943இல் நம்ம ஸ்டேஷனில்தான் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, பேர் வாசித்தார்கள். வாசித்தது ஜப்பான்காரன் இல்லை. எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) எத்தனை ஆம்பளை, எவனுக்கு என்ன பேர் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? செக்ரோலை, அதாவது தோட்டத்து ஆள் பேர்ப் பதிவேட்டைப் பார்த்துத்தான் வாசித்தார்கள். வெள்ளைக்காரத் துரை 1941 டிசம்பரிலேயே சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிவிட்டான். அப்புறம் செக்ரோல் யார் கையில் இருந்தது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கிராணி_பேரன்:
எழுதியவன் நான்தான். ஒளிந்துகொள்ளவில்லை. என் தாத்தா அந்தத் தோட்டத்தில் ரெண்டாவது கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். ஆள் குறைகிறது என்று ஜப்பான் ராணுவப் போலீஸ் கெம்பெய்தாய்க்காரன் அறைந்த அறையில் அவருக்கு இடது காது சாகும்வரை கேட்கவில்லை. ரெண்டு பையன்களை ரப்பர் ஷீட் உலர்த்தும் ஸ்மோக் ஹவுஸில் ஷீட்டுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தவர் அவர். அதை யாரும் எழுத மாட்டீர்கள்.

ஆசைப்பட்டுப் போனவர்களும் இருந்தார்கள். அரிசி கிடையாது. ரப்பரை வாங்க ஆள் கிடையாது. மரத்தை வெட்டி மரவள்ளி நட்ட காலம். சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டிருந்தவனிடம் மூன்று மாதம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு சும்மா என்றால் போக மாட்டானா?

ஒட்டுப்பால்:
உங்கள் தாத்தா காதுக்கு வருத்தம். மனசார சொல்கிறேன். ஆனால் நான் கேட்டது காதைப் பற்றி இல்லை. ஜப்பான்காரன் கேட்டது எண்ணிக்கை. இத்தனை தலை வேண்டும் என்றான். அந்த எண்ணிக்கை எந்த மேசையில் பேராக மாறியது? செக்ரோல் யார் கையில் இருந்தது?

லயத்துப்_பையன்:
அண்ணே, முதலில் யாரைச் சொல்கிறோம் என்று தெளிவு பண்ணிக்கொள்வோம். கிராணி வேறு, ஆள் கூட்டி வேலை வாங்கும் கங்காணி வேறு, மேற்பார்க்கும் தண்டல் வேறு. எங்கள் தோட்டத்தில் ஆளைக் கைகாட்டியது கங்காணி.

ஒட்டுப்பால்:
கங்காணிக்குச் செக்ரோல் கொடுத்தது யார் தம்பி?

ஈப்போ_வாத்தியார்:
கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம். ரயில் பாதை 415 கிலோமீட்டர். சயாமில் பான் போங் பக்கம் தொடங்கி பர்மாவில் தன்பியூசயாட் வரை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17இல் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்தது. மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேரைக் கொண்டுபோனார்கள் என்பது ஒரு கணக்கு. பெரும்பாலும் தமிழர்கள். 1943 மழைக் காலத்தில் காலரா வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஆரம்பத்தில் சம்பளம் சொல்லிச் சேர்த்தார்கள், பிறகு ஆள் கிடைக்காமல் வளைத்துப் பிடித்தார்கள். அதனால் ‘விரும்பிப் போனது’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று முதலில் முடிவு செய்யாமல் இந்தச் சண்டை ஓயாது.

ஒட்டுப்பால்:
வாத்தியார் ஐயா, அர்த்தத்தை வகுப்பில் சொல்லிக்கொடுங்கள். பட்டினி போட்டுவிட்டு சோறு காட்டினால் அதற்குப் பேர் விருப்பமா? அந்த 75,000 பேருக்கும் ஒரு செக்ரோல் இருந்தது. அது யார் கையில் இருந்தது?

ராணி_பேத்தி:
எல்லாரும் அழுகையை மட்டுமே எழுதுகிறீர்கள். என் பாட்டிக்கு அப்போது 17 வயது. பால்மரம் வெட்டிய கை. நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து பேசிய பிறகு அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். முடியை வெட்டி, கால்சட்டை போட்டு, துப்பாக்கி தூக்கினார். தோட்டத்துப் பொம்பளைக்கு முதன்முதலாக நிமிர்ந்து நடக்கச் சொல்லிக் கொடுத்தது அந்தப் படை. எத்தனையோ ஆம்பளைகள் ஐ.என்.ஏ.வில் சேர்ந்ததால் சயாமுக்குப் போகாமல் தப்பித்தார்கள். அதையும் சொல்லுங்கள்.

ஒட்டுப்பால்:
பாட்டிக்கு என் வணக்கம் அக்கா. ஆனால் நிமிர்ந்து நடக்க நேதாஜி வர வேண்டியிருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரைக்கும் கிராணிக்கும் எதிரில் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். கவனியுங்கள், கிராணிக்கும்! அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினான் வெள்ளைக்காரன். ராணுவத்தை இறக்கிச் சுட்டான். ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். ஜப்பான்காரன் வருவதற்கு ஏழு மாதம் முன்னால் நடந்தது இது. நம்ம ரத்தம் ஜப்பான்காரனோடு தொடங்கவில்லை.

ராணி_பேத்தி:
நேதாஜியைக் குறைத்துப் பேசினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ஒட்டுப்பால்:
குறைக்கவில்லை. தாத்தாவை ரயிலில் ஏற்றிய ஜப்பான்காரனோடு கைகோத்தவரை என்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட முடியாது, அவ்வளவுதான்.

ராணி_பேத்தி:
உங்கள் வீட்டில் யார் படம் மாட்டியிருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

ஒட்டுப்பால்:
தெரியட்டும். கணபதி படம். பிள்ளையார் இல்லை. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி. 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அவரும் ஐ.என்.ஏ.வில் இருந்தவர்தான். அதையும் சேர்த்து மாட்டியிருக்கிறேன்.

கிராணி_பேரன்:
இப்போது புரிகிறது. கம்யூனிஸ்டுப் பிரசாரம். இந்த ஊரில்தான் 1948 ஜூன் 16இல் மூன்று தோட்டத் துரைமார்களைச் சுட்டார்கள். அதற்கு அப்புறம் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம், முள்வேலி, சோற்றுக்குக் கூட ரேஷன். அந்தக் கஷ்டத்துக்கு யார் செக்ரோல் வைத்திருந்தார்கள்?

ஒட்டுப்பால்:
பேச்சை மாற்றாதீர்கள். அவசரகாலத்துக்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன். அங்கேயும் சங்கத்தில் இருந்தவன் பேரைப் போலீசுக்குக் கொடுத்தது யார் என்றுதான் கேட்பேன். இங்கே 1943. செக்ரோல்.

லயத்துப்_பையன்:
அண்ணே, உங்கள் தாத்தா திரும்பி வந்தாரா? அதைச் சொல்லவே இல்லையே.

ஒட்டுப்பால்:
வரவில்லை தம்பி. அன்றைக்குக் காலையில் அவர் பால் வாளியோடு பெரட்டுக்குப் போயிருக்கிறார். வேலைக்கு என்று நினைத்துப் போனார். லாரியில் ஏறச் சொன்னதும் வாளியையும் பால் வெட்டும் உளியையும் பாட்டி கையில் கொடுத்தார். “துரு ஏறாமல் பார்த்துக்கோ” என்றாராம். அவ்வளவுதான் கடைசிப் பேச்சு. பாட்டி அந்த உளியைத் தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். அரிசி இல்லாத பானை. 1945இல் சண்டை முடிந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் பாட்டி ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். பிடியில் தாத்தா கட்டைவிரல் பட்ட இடம் குழிந்திருக்கும். உளி இப்போது என்னிடம் இருக்கிறது.

காஞ்சனாபுரிக்கு நானே போனேன். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறை, புல் வெட்டி, பூச்செடி வைத்து, அடையாளம் தெரிந்தவனுக்கெல்லாம் கல்லில் பேர். நம்ம ஆளுக்கு அந்த வரிசையில் ஒரு கல் கிடையாது. என் தாத்தா பேர் கடைசியாக எழுத்தில் இருந்தது அந்தச் செக்ரோலில்தான். நான் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று இப்போதாவது விளங்குகிறதா?

ஈப்போ_வாத்தியார்:
மனதைப் பிசைகிறது. இருந்தாலும் ஒரு சின்னக் கிராணியையும் ரப்பர்க் கம்பெனியையும் ஒரே தட்டில் வைப்பது வர்க்கப் பார்வை ஆகாது என்பேன். கிராணியும் கூலிக்காரன்தான்.

ஒட்டுப்பால்:
கூலிக்காரன்தான். ஆனால் கூலிக்காரனுக்கு லயம், கிராணிக்குத் தனி வீடு. அந்தத் தனி வீடுகளிலிருந்து எத்தனை பேர் சயாம் போனார்கள்? ஒரு பேர் சொல்லுங்கள், நான் இந்த இழையை மூடிவிடுகிறேன்.

கிராணி_பேரன்:
உங்களுக்கு உண்மையான கோபம் என்ன என்று எனக்குத் தெரியும். போன வருஷம் கோயில் திருவிழாவில் எங்கள் அப்பாவுக்கு முதல் மாலை போட்டார்கள், உங்களைக் கூப்பிடவில்லை. அதை 1943 வரைக்கும் இழுக்கிறீர்கள்.

ஒட்டுப்பால்:
மாலை உங்களுக்கே இருக்கட்டும். மூணு தலைமுறையாக உங்களுக்குத்தானே விழுகிறது. ஒரு பேர்?

ராணி_பேத்தி:
கோயில் கணக்கைப் பற்றி யாராவது பேசினால் எனக்கும் கேட்க நிறைய இருக்கிறது.

கிராணி_பேரன்:
என் தாத்தா கோழை இல்லை, காட்டிக்கொடுத்தவரும் இல்லை. ஒரு பேரை எழுதும்போது அவர் கை நடுங்கியதை என் அப்பா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். எழுதாவிட்டால் அவர் குடும்பத்தையே ஏற்றியிருப்பான். அவருடைய காகிதம் எல்லாம் ஒரு மரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மதிப்பில்லாத ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு முதல் எல்லாம் இருக்கிறது.

ஒட்டுப்பால்:
எழுதினார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கிராணி_பேரன்:
எழுத வைக்கப்பட்டார் என்றேன்.

ஒட்டுப்பால்:
ஞாயிற்றுக்கிழமை உளியை எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் பெட்டியைக் கொண்டு வாருங்கள்.

கிராணி_பேரன்:
பெட்டி அத்தை வீட்டில் இருக்கிறது. சாவி அவரிடம். கண்டவனுக்கெல்லாம் திறந்து காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

ஒட்டுப்பால்:
அப்போ செக்ரோல் உள்ளே இருக்கிறது.

கிராணி_பேரன்:
இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.