எங்க வீடு குழு: கோட்டையைக் காணோம்

அத்தை: வாண்டுகள் ரெண்டும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகின்றன. மைன்கிராஃப்ட் விளையாட்டில் கட்டிய கோட்டைக்குள் போக முடியவில்லையாம். யார் நோண்டியது?

அண்ணன்: நான்தான் அத்தை. தங்கச்சி தனி உலகம் கேட்டாள். அதே கணினியில் ரெண்டாவது கன்டெய்னர் போட்டேன், சர்வர் ஓடுவதற்குத் தனி அறை மாதிரி.

தங்கச்சி: கேட்டது போன மாதம்.

சித்தப்பா: என்ன பிழை? அப்படியே போடு.

அண்ணன்: முதலில் போர்ட் தகராறு, ரெண்டு சர்வரும் ஒரே வாசல் எண்ணைக் கேட்டன. எண்ணை மாற்றியதும் புதியது எழுந்துவிட்டது. இப்போது பழையது 137 என்ற பிழை எண்ணோடு செத்துக் கிடக்கிறது.

சித்தப்பா: போர்ட் சரி. இருந்தாலும் எல்லோருக்கும் புரியட்டும்.

அத்தை: யாருக்கு?

சித்தப்பா: மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் வழக்கமாக 25565-இல்தான் உட்காரும். கன்டெய்னருக்குள் ரெண்டும் அதே எண்ணில் இருக்கலாம், ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. ஆனால் வெளியே கணினி ஒன்றுதானே? அங்கே அந்த எண் ஒருவருக்குத்தான். அதனால் ரெண்டாவதற்கு 25566:25565. இடது பக்கம் கணினியுடையது, அதை மட்டும் மாற்று. வலது பக்கம் உள்ளே இருப்பது, அதைத் தொடாதே. அப்புறம் 137 என்பது 128 கூட்டல் 9. சிக்னலால் செத்தால் அதன் எண்ணோடு 128-ஐக் கூட்டிக் காட்டும். ஒன்பதாம் சிக்னல் என்றால் பேச்சே கிடையாது, நேரே கொலை. பெரும்பாலும் நினைவகம் போதாமல்தான் வரும். ரெண்டுக்கும் எவ்வளவு கொடுத்தாய்?

அண்ணன்: தலா 6 ஜிபி.

சித்தப்பா: கணினியில் மொத்தம்?

அண்ணன்: 8

தங்கச்சி: 🤦

தாத்தா: ஹாலில் அந்தப் பெட்டி ராத்திரி பூரா உறுமுகிறது.

தங்கச்சி: அது என் காலேஜ் கணினி தாத்தா. என்னைக் கேட்காமல் எடுத்தது.

அண்ணன்: மூணு வருஷம் பரணில் கிடந்தது.

தங்கச்சி: கிடந்தால்?

சித்தப்பா: நாலைந்து பேருக்கு ஹீப், அதாவது ஜாவா விளையாட்டுத் தரவை வைக்கும் நினைவகம், 2 ஜிபி போதும். கன்டெய்னர் வரம்பை மட்டும் 3 வை. ஜாவா ஹீப்புக்கு வெளியேயும் கொஞ்சம் தின்னும்.

அத்தை: கோட்டை இருக்கிறதா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

சித்தப்பா: உலகத்தை வால்யூமில், அதாவது கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் சேமிப்பில், வைத்திருந்தால் கன்டெய்னரை அழித்தாலும் போகாது. வைத்தாயா?

அண்ணன்: டேட்டா என்று ஒரு ஃபோல்டர் இணைத்த ஞாபகம்.

சித்தப்பா: ஞாபகமா? முதலில் அதை நகலெடு. எதையும் அழிப்பதற்கு முன்னால்...

அத்தை: என் கல்யாண வீடியோவை அழித்தவன் சொல்கிறான், கேட்டுக்கொள்.

சித்தப்பா: அக்கா, அது டிஸ்க் பழுது.

அத்தை: ஆமாம் ஆமாம்.

அண்ணன்: ஃபோல்டர் இருக்கிறது! நகலெடுத்து, ரெண்டுக்கும் 2 வைத்து எழுப்பிவிட்டேன்.

அத்தை: உள்ளே போய்விட்டார்கள். ஆனால் தங்கச்சி உலகமும் வேண்டுமாம்.

சித்தப்பா: உங்கள் வீட்டிலிருந்து வர ரவுட்டரில் 25566-ஐயும் திறக்க வேண்டும். கடவுச்சொல் யாரிடம்?

தாத்தா: டைரியில் எழுதினேன்.

அண்ணன்: எந்த டைரி தாத்தா?

தாத்தா: பச்சை அட்டை.

தங்கச்சி: என் உலகத்துக்கு யாரும் வர வேண்டாம்.

அத்தை: பச்சை அட்டை டைரி இங்கேதான் இருக்கிறதோ என்னவோ. நாளைக்குப் பார்க்கிறேன்.