புதுப்பிப்பு: ஓடி முடித்துவிட்டேன், முட்டியும் பிழைத்தது

முட்டி வலியோடு 10 கிலோமீட்டர் அறநிதி ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ‘ஓடாதே, நட’ என்றவர்களே அதிகம். சரி, இரண்டும் செய்தேன்.

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் காலை 6.30க்குக் கிளம்பியபோது கும்மிருட்டு. 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து இங்கே சூரியன் ஏழு மணிவாக்கில்தான் எட்டிப்பார்க்கிறது. ஓடுகிறவர்களுக்கு அது வரம். பாதை சமதளம்தான், ஆனால் புழுக்கம் ஆளைப் பிழிந்துவிட்டது. பிடோக் படகுத்துறை தாண்டியதும் நடைதான். வாழைப்பழ வேடமிட்ட ஒரு அங்கிள் முந்திப் போனார், ‘வாங்க தம்பி’ என்று அழைப்பு வேறு!

1 மணி 34 நிமிடம். அலுவலக நண்பர்கள் தந்த 620 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) நன்கொடையாகப் போய்ச் சேர்ந்தது. முடிவுக்கோட்டில் மைலோ பானம் மூன்று கோப்பை. அப்புறம் இரண்டு நாள் மாடிப்படி இறங்கத்தான் பெரும்பாடு.